தவசுக்கனியின் வேன் கொதித்த வருடம்

உடன்குடியில் எங்கள் தெருவுக்கு மழை வந்த வருடங்களும் உண்டு, வராத வருடங்களும் உண்டு, ஆனால் தவசுக்கனியின் வேன் கொதித்த வருடம் ஒன்றே ஒன்றுதான். இன்றைக்கும் அதைப் பற்றிப் பேச்செடுத்தால் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழியும், எழுந்து போய் அணைக்க ஆள் இருக்காது. நானும் அந்தத் தெருக்காரன்தான். என் வீட்டுப் பாலும் பொங்கியிருக்கிறது.

வேனும் புதிதல்ல, தவசுக்கனிக்கு அது புதிதாக வந்ததும் அல்ல. ஒரு காலத்தில் அவள் புருஷன் லிங்கத்துரை அதே வேனைத்தான் வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். மகள் ஜெயரூபி வயிற்றில் இருக்கும்போதே மஞ்சள்காமாலை வந்து அவன் போய்ச் சேர்ந்தான். வேனை விற்றுத்தான் பிள்ளையைப் பெற்றாள். பிறகு கருப்பட்டி காய்ச்சி, சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுச் சில்லுக்கருப்பட்டி வார்த்து, அந்தப் பிள்ளையை வளர்த்து, படிக்க வைத்து, லைசென்சும் எடுக்க வைத்தாள். திருச்செந்தூரில் ஒரு மிட்டாய்க்கடைக்காரர், வாராவாரம் சரக்கைக் கொண்டுவந்து இறக்கினால் உங்களிடமே வாங்கிக்கொள்கிறேன், ஒரு வாரம் தவறினாலும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று கறாராகச் சொன்ன பிறகு, தாயும் மகளும் ஒரு பழைய வண்டி வாங்கலாம் என்று புரோக்கரிடம் போனார்கள்.

புரோக்கர் இடத்தில் நல்ல வண்டிகள் எல்லாம் முன்னால் நிற்க, மூலையில் முள்செடிக்குள் ஒரு வேன் நின்றது. தவசுக்கனி நேரே அதனிடம் போய், ஏறி, டிரைவர் சீட்டின் முதுகைத் தடவிப் பார்த்தாள். அங்கே லிங்கத்துரை ஸ்குரூடிரைவரால் அவள் பெயரைக் கீறி வைத்திருந்தான். அதற்குமேல் வந்தவன் போனவன் எல்லாம் பெயிண்ட் அடித்திருந்தான், ஆனாலும் விரலுக்குத் தெரிந்தது. அவ்வளவுதான். ஜெயரூபி முன்னால் நின்ற வண்டியைக் காட்டிக் காட்டிப் பேசியதெல்லாம் காற்றோடு போயிற்று.

முதல் தடவை அது கொதித்தது பங்குனி மாதத்து மத்தியானம். சரக்கை இறக்கிவிட்டு ஜெயரூபி தெருவுக்குள் வந்து நிறுத்தும்போது சூடு காட்டுகிற மீட்டரில் முள் சிவப்பில் படுத்திருந்தது. வண்டியின் மூக்கிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பி, கலைந்து போகாமல், தெருவின் இரண்டு பக்கமும் பரவி நின்றது. அதற்குள் கடல் இருந்தது. கடல் என்றால் மொத்தக் கடலும் அல்ல, பெரியதாழையில் ஐஸ் உடைக்கிற இடத்திலிருந்து பார்த்தால் தெரிகிற அளவுக் கடல். கைலியை மடித்துக் கட்டிய ஒரு ஆள் இதே மாதிரி ஒரு வேனின் ரேடியேட்டருக்குக் குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "எழவெடுத்த வண்டி, மீன் நாறிப் போவும் முன்ன கிளம்பித் தொலையேன்" என்று அதைத் திட்டினான். ஆவி அடங்கியதும் கடலும் போயிற்று, ஆளும் போனான். மீன் வாடை மட்டும் சாயங்காலம் வரை இருந்தது, அதற்குப் பூனைகள் வந்தன.

எங்கள் தெருவில் அன்றைக்கு நடந்த சண்டை, அது பெரியதாழைக் கடலா மணப்பாட்டுக் கடலா என்பதைப் பற்றி. டெய்லர் ஐயாக்கண் மணப்பாடு என்று அடித்துப் பேசினார். மணப்பாடாக இருந்தால் மணல் மேடும் மேலே கோயிலும் தெரிந்திருக்க வேண்டாமா என்று மற்றவர்கள் கேட்க, ஆவி அந்தப் பக்கம் போகவில்லை, போயிருந்தால் தெரிந்திருக்கும் என்றார். அவர் எதையும் விட்டுக்கொடுக்கிற ஆள் அல்ல.

மெக்கானிக் சிலுவை வந்தான். அவன் வந்தால் முதலில் ஒரு பாகத்தைக் கழற்றி எறிந்துவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்பான். இந்தத் தடவை கழற்றியது தெர்மோஸ்டாட் வால்வு. "இது குளிர் தேசத்துக்காரன் கண்டுபிடிச்சதுக்கா, இன்ஜின் சூடேறுத வரைக்கும் தண்ணிய மறிச்சு வைக்கும். நம்ம ஊர்ல கல்லே தன்னால சூடேறுது, இது எதுக்கு?" என்று தவசுக்கனியிடம் சொல்லி அதைப் பைக்குள் போட்டுக்கொண்டான். மறுநாளும் கொதித்தது. ஃபேன் பெல்ட் தொய்ந்திருக்கிறது என்று இழுத்துக் கட்டினான், கொதித்தது. ஹோஸ் குழாயை மாற்றினான், கொதித்தது. வாட்டர் பம்பை இறக்கி ஏற்றினான், ரேடியேட்டர் மூடியை மாற்றினான், இன்ஜினுக்கு முன்னால் நின்று சிலுவையும் போட்டுக்கொண்டான், அதற்கும் கொதித்தது. ஒவ்வொரு தடவையும் ஆவிக்குள் ஏதோ ஒரு ஊர் வந்து போயிற்று. ஒருநாள் நாங்குநேரிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்று வந்தது. வேனுக்குள் இருந்த பிள்ளைகள் எல்லாம் வாய்ப்பாட்டைப் பாட்டாகப் பாட, டிரைவர் ஒரு பிள்ளையின் தண்ணீர் பாட்டிலை வாங்கி ஊற்றினார். இன்னொரு நாள் அதே பள்ளிக்கூடத்தில் மழை பெய்துகொண்டிருந்தது, அந்த மழை எங்கள் தெருவில் காயவைத்திருந்த கருப்பட்டியெல்லாம் கசியும்படி ஒரு ஈரத்தைப் போட்டுவிட்டுப் போனது. கருப்பட்டிக்காரர்கள் தவசுக்கனி வீட்டுக்கு முன்னால் கூடி, மழை வருமானால் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா என்று கேட்டார்கள். அதில் நியாயம் இருந்தது. அதற்குப் பிறகு சரக்குக் காய்கிற நாளில் வண்டியைக் கொதிக்க விடுவதில்லை என்று முடிவாயிற்று.

சிலுவை கடைசியில் ரேடியேட்டருக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான். வெந்நீர்ப் பானையின் அடியில் பிடிக்குமே, அந்த உப்புப் பொருக்கு, உள்ளே குழாய்க்குக் குழாய் வெள்ளையாகப் பிடித்திருந்தது. எங்கள் பக்கத்து டிரைவர்கள் கூலன்ட் வாங்கி ஊற்றினதாகச் சரித்திரமே கிடையாது. எந்த ஊரில் வண்டி சூடாகிறதோ அந்த ஊர் கிணற்றில், அந்த ஊர் பைப்பில், அந்த ஊர் டீக்கடை வாளியில் வாங்கி ஊற்றுவதுதான் வழக்கம்.

"ஒவ்வொரு ஊர்த் தண்ணியும் ஒரு தோலு மாதிரி படிஞ்சு கெடக்குக்கா," என்றான் சிலுவை. "கொதிக்கும்போதெல்லாம் மேல் தோலு உரிஞ்சு ஆவியோட போவுது. மீன்காரன் தண்ணி போச்சு, பள்ளிக்கூடத்துத் தண்ணி போச்சு. தூத்துக்குடியில பட்டறை இருக்கு. குடுத்தா ஆசிட் ஊத்தி, உள்ள கம்பி விட்டு மொத்தத்தையும் எடுத்துருவான். பொறவு இந்த வண்டிக்குச் சூடுன்னா என்னன்னே தெரியாது."

"வேண்டாம்," என்றாள் தவசுக்கனி.

அவள் ஏன் வேண்டாம் என்றாள் என்று யாரும் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் அந்த வேனை வைத்திருந்தவர் சாத்தான்குளத்துச் சமையல்காரர் ஒருவர். அவருக்கு முன்னால் லிங்கத்துரை. வீட்டுச் சுவரில் அவன் முகம் மாலையோடு மாட்டியிருக்கிறது, முகத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் குரலைப் பிடித்து வைக்க யாரிடமும் ஒன்றும் கிடையாது. எந்த வருடம், எந்த நாள் என்று தெரியாமல், அந்தக் குரல் தவசுக்கனிக்கு மறந்து போயிருந்தது. பேசினதெல்லாம் ஞாபகம் இருந்தது, பேசின குரல்தான் இல்லை. எங்களுக்கும்தான் இல்லை. லிங்கத்துரை குரல் கனமானதா, மெலிந்ததா என்று ஐயாக்கண்ணிடம் கேட்டேன், அவர் முதன்முதலாக ஒரு விஷயத்தில் எனக்குத் தெரியாது என்று சொன்னார்.

சமையல்காரருடைய தண்ணீர்கள் தொடங்கியபோது எங்கள் தெரு சாயங்காலம் சமைப்பதை நிறுத்திவிட்டது என்றே சொல்லலாம். ஆவிக்குள் கல்யாண மண்டபத்துக் கொல்லைப்புறங்கள் வந்து நின்றன, அண்டா அண்டாவாகச் சாம்பார் கொதித்தது, வெறும் சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு வந்து அந்த வாசனையில் உட்கார்ந்து சாப்பிட்டால் தொட்டுக்கொள்ள எதுவும் வேண்டியிருக்கவில்லை. பஞ்சாயத்து ஆபீசிலிருந்து பெஞ்சு வாங்கிப் போட்டோம். டீக்கடைக்காரர் அடுப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் தெருவுக்கே வந்தார். அந்தக் கல்யாணங்களில் பாதிக்கு நாங்களும் போயிருந்தோம், அதனால் பந்தியில் எங்களை நாங்களே பார்த்தோம்: அன்றைக்கு உயிரோடு இருந்தவர்கள் பக்கத்து இலையில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கினார்கள், இன்றைக்குப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகள் ஒருவருக்கொருவர் பாயசம் ஊற்றிக்கொண்டார்கள். வழுக்கைத் தலை ஐயாக்கண், மூன்றாவது பந்தியில் தான் தலை நிறைய முடியோடு உட்கார்ந்து, ஒரு கையால் அதைக் கோதிக்கொண்டே சாப்பிடுவதைப் பார்த்தார். மறுநாளிலிருந்து அவர் காலையிலேயே வந்து, "வண்டி இன்னைக்குக் கொதிக்குமா ஜெயரூபி?" என்று கேட்க ஆரம்பித்தார்.

வண்டி தன்னால் கொதிப்பது போதாமல், நாங்களே முன்பக்கக் கம்பிவலையில் சாக்கைக் கட்டி, காற்றுப் போகாமல் அடைத்து, நின்ற இடத்திலேயே இன்ஜினை முறுக்கி முறுக்கிச் சூடேற்றினோம். உலகத்தில் எல்லா ஊரிலும் வண்டி சூடானால் ஆறவைப்பார்கள். ஆறின வண்டியைச் சூடேற்றினது எங்கள் ஊர்தான். அந்தப் பெருமையை வேறு எவனுக்கும் விட்டுத்தர முடியாது.

சிலுவைக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஒருநாள் ஆயில் குச்சியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"ஆயில் இன்னும் கருப்பாத்தான் இருக்கு," என்றான். "பால் காப்பி நெறத்துக்கு மாறிச்சுன்னா தண்ணி உள்ள எறங்கிட்டுன்னு அர்த்தம். ஹெட்டு வளஞ்சு, கேஸ்கட் போயி, இன்ஜினைத் தூக்கி எடைக்குத்தான் போடணும். எக்கா, இன்னும் ஒரு கொதி தாங்கும். அதுக்கு மேல கொதிச்சா எங்கிட்டக் கொண்டு வராதீங்க."

"அடுத்தது அவுக தண்ணியா இருக்குமா சிலுவை?"

"அத நான் எப்பிடிக்கா சொல்ல முடியும்? சமையக்காரரு எத்தன ஊர்ல ஊத்துனாரோ."

ஜெயரூபி அதுவரைக்கும் பொறுத்துப் போனவள், அன்றைக்குப் பொறுக்கவில்லை. "எம்மா, வெள்ளிக்கிழமை சரக்கு எறக்கலைன்னா அந்தக் கடையும் போச்சு. வண்டி போச்சுன்னா எல்லாம் போச்சு. அப்பாவ நான் பாத்தது கூடக் கெடையாது. பாக்காத ஆளுக்காக நான் எதுக்கு வண்டிய எரிக்கணும்?"

தெருவே பார்த்துக்கொண்டு நின்றது. தவசுக்கனி வண்டியின் முன்னால் கட்டியிருந்த சாக்கை அவிழ்த்துக்கொண்டே, "நீ சொல்லுததுதான் சரி பிள்ள. நாளைக்குத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோயிக் கழுவிரு," என்றாள். பெஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பஞ்சாயத்து ஆபீசில் போட்டோம். யாருக்கும் சோறு இறங்கவில்லை, அவ்வளவு நாளும் வாசனையிலேயே தின்று பழகின வாய்.

மறுநாள் காலையில் தாயும் மகளும் உட்கார்ந்து கருப்பட்டியை ஓலைக்கொட்டானில் அடைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான், அதனால் நான் ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

"என்ன 'ஏ தவசு'ன்னுதான் கூப்பிடுவாரு," என்றாள் தவசுக்கனி, யாரிடமோ சொல்வதுபோல. "அந்த வார்த்த வருது. மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாக்கேன். சொல்லும்போதெல்லாம் என் குரல்தான் கேக்கு."

ஜெயரூபி கட்டிக்கொண்டிருந்த கொட்டானை அப்படியே கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். தூத்துக்குடிக்குத்தான் கிளம்புகிறாள் என்று நினைத்தோம். அவள் வண்டியை எடுத்துக்கொண்டு தேரிப் பக்கம் போய், அந்தச் செம்மணல் மேட்டில் ஏற்றி இறக்கி, முள் சிவப்புக்குப் போகிற மட்டும் ஓட்டிவிட்டு, திரும்பித் தெருவுக்கு வந்து நிறுத்தி, இறங்கிச் சாக்கை எடுத்து முன்னால் தன் கையாலேயே கட்டினாள். நாங்கள் பெஞ்சு எடுக்கப் போகவில்லை. நின்றுகொண்டே இருந்தோம்.

"ஏட்டி, என்ன காரியம் செய்யுத?" என்று தவசுக்கனி ஓடிவந்தாள்.

"ஒரு கொதி தாங்கும்னு சிலுவை மாமா சொல்லிச்சே. தாங்கட்டும்."

ஆவி கிளம்பியது. இதற்கு முன்னால் வந்த ஆவியெல்லாம் சுண்ணாம்புபோல வெளுப்பாக, கனமாக வந்து நிற்கும். இது மெல்லிசாக, ஈர வேட்டியைப் பிடித்ததுபோல அந்தப் பக்கம் தெரிகிற மாதிரி வந்தது. சிலுவை காற்றை மோந்து பார்த்து, "ஆத்துத் தண்ணி. இதுல உப்பு இருக்காது, பொருக்கும் லேசாத்தான் விழுந்திருக்கும். சீக்கிரம் போயிரும், பேசாம இருங்க," என்றான். எங்கள் தெரு பேசாமல் இருந்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

ஸ்ரீவைகுண்டத்துப் பாலம் தெரிந்தது. துணி துவைக்கிற சத்தம் கேட்டது, ஆற்றில் யாரோ மாட்டை அதட்டினார்கள். பாலத்துக்குப் பக்கத்தில் இதே வேன், வாங்கின புதுசில் இருந்த கிரீம் நிறத்தில், மூக்கிலிருந்து புகைந்துகொண்டு நின்றது. வயிறு தள்ளிய இளம்பெண் ஒருத்தி ஆஸ்பத்திரி மருந்துப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் நின்றாள். அது தவசுக்கனி என்று எங்களுக்குச் சட்டென்று பிடிபடவில்லை, அவ்வளவு சிரிப்பு அந்த முகத்தில். ஆற்றிலிருந்து வாளியோடு கரையேறி வந்தான் லிங்கத்துரை.

"ஏ தவசு," என்றான்.

கொஞ்சம் கரகரத்த குரல். நடுவில் லேசாக மூக்கில் ஏறுகிற குரல். கேட்டதும் எங்கள் எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது, இதை எப்படி மறந்தோம் என்று வெட்கமாகக்கூட இருந்தது. தவசுக்கனி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள், தன் அழுகைச் சத்தம் அந்தக் குரலை மறைத்துவிடக் கூடாது என்று.

"மூடியத் தொறக்கப் போறேன். எட்டி நில்லு."

"நான் என்ன சின்னப் பிள்ளையா? எனக்குத் தெரியாதா?" என்றாள் அந்த இளம்பெண்.

"ஒனக்கு யாரு சொன்னா? உள்ள இருக்காளே, அவளுக்குச் சொல்லுதேன்." அவன் வாளியைக் கீழே வைத்துவிட்டு அவள் வயிற்றுக்கு நேராகக் குனிந்து, "எட்டி நில்லு தாயி. ஆவி அடிச்சிரும்," என்றான்.

ஜெயரூபி வண்டியின் மூக்குக்குப் பக்கத்தில், மூடிக்கு நேராக நின்றுகொண்டிருந்தாள். அவள் எட்டி நின்றாள். யோசித்து நின்றதாகத் தெரியவில்லை, அப்பா சொன்னால் பிள்ளைகள் நகர்வார்களே, அப்படி நகர்ந்தாள். அவள் நகர்ந்த இடத்தில் சிலுவை மாட்டின புது மூடி பிய்த்துக்கொண்டு பறந்து, கொதிக்கிற தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீறிட்டு விழுந்தது.

தண்ணீர் அடங்கினபோது பாலம் போயிருந்தது. ஆவி ஒரு துளிகூட இல்லை. ஜெயரூபி, நனைந்த தரையைப் பார்த்துக்கொண்டே, "எம்மா, எங்கிட்டப் பேசுனாரு," என்றாள். பிறகு அவள் அழுத அழுகை, இருபத்தாறு வயதுப் பெண் அழுகிற அழுகை அல்ல. தவசுக்கனி அவளைக் கட்டிக்கொண்டு தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் ஆளாளுக்கு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆயில் கருப்பாகவே இருந்தது. வண்டி ஆறினதும் சிலுவை டார்ச் அடித்துப் பார்த்தான், ரேடியேட்டருக்குள் செம்புக் குழாய்கள் புதுப் பாத்திரம்போலப் பளபளத்தன, பொருக்கு என்று சொல்ல ஒரு சிட்டிகைகூட இல்லை. லிங்கத்துரையின் தண்ணீர்தான் கடைசித் தண்ணீர், அதாவது முதல் தண்ணீர். வேறு மூடி ஒன்றை வாங்கி மாட்டினான், பில் பறக்காமல் இருக்க மேசைமேல் வைத்திருந்த தெர்மோஸ்டாட் வால்வையும் ஜெயரூபி விடாமல் கேட்டதால் கொண்டுவந்து இருந்த இடத்திலேயே பொருத்தினான். வியாழக்கிழமை காலையில் பச்சை நிறத்தில் கூலன்ட் கேன் ஒன்றையும் தூக்கிக்கொண்டு வந்தான்.

"இத ஊத்தி ஓட்டு பிள்ள. உப்பும் கெடையாது, பொருக்கும் கெடையாது."

ஜெயரூபி கேனைப் பார்த்தாள். "அது வேண்டாம் மாமா. நம்ம கெணத்துத் தண்ணி போதும்."

"ஏ பிள்ள, ஒனக்குக் கிறுக்கா? இந்தத் தெருக் கெணத்துத் தண்ணியில சோப்பே நுரைக்காது. ஒரு வருசத்துல திரும்பப் பொருக்குப் பிடிச்சிரும்."

"பிடிக்கட்டும்," என்றாள்.

சிலுவை எங்களைப் பார்த்தான், நாங்களாவது புத்தி சொல்லுவோம் என்று. எங்களுக்கு ஏது நேரம். விஷயம் புரிந்ததும் அவரவர் வீட்டுக்குள் ஓடி, சட்டை மாற்றிக்கொண்டு, பிள்ளைகளுக்குப் பவுடர் பூசிக்கொண்டு, பேச்சு இல்லாத அண்ணன் தம்பிகள் உட்பட எல்லோரும் வேனைச் சுற்றி வந்து நின்றோம். இந்த வண்டி நாளைக்கு எந்த ஊருக்குக் கைமாறிப் போகுமோ, எத்தனை வருடம் கழித்து எந்தத் தெருவில் கொதிக்குமோ, அன்றைக்கு அங்கே நிற்கிறவர்கள் எங்களைப் பார்ப்பார்கள், நாங்கள் பேசுவதையும் கேட்பார்கள். ஐயாக்கண் ஒரு தொப்பி போட்டுக்கொண்டு வந்தார்.

தவசுக்கனி கிணற்றில் இறைத்த தண்ணீரைக் குடத்தோடு கொண்டுவந்தாள். தலையை வாரி, விளிம்பில் சரிகை போட்ட சேலை கட்டியிருந்தாள். ரேடியேட்டரின் வாயில் குடத்தைச் சரிக்கும் முன்னால் ஒரு நிமிடம் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, மகளைப் பார்த்தாள்.

"எட்டி நில்லு தாயி."

"வண்டி சூடாவே இல்லையேம்மா."

"நிக்கச் சொன்னா நில்லு."

ஜெயரூபி எட்டி நின்றாள். தவசுக்கனி ஊற்றினாள்.